மீட்டரிலா, நிஜத்திலா

போர்ட் அகஸ்டாவில் ஸ்பீரோவின் டயர் கடை.
முப்பத்தைந்து அங்குலம்தான் வேண்டும் என்றாள் சுகிர்தா.
வண்டியை ஏற்கெனவே இரண்டு அங்குலம் தூக்கியிருந்தாள்,
ஸ்பிரிங்கை மாற்றி, பம்பரின் மூலையை அறுத்து,
வீட்டுக் கடனுக்கு வைத்திருந்ததிலும் கொஞ்சம் அறுத்து.

ஸ்பீரோ ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு
பழைய சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
கையைச் செருகிக் காட்டினான்.
நான்கு விரல் நுழைந்தது. கட்டைவிரல் வெளியே நின்றது.
"முப்பத்து மூன்று. அதைத் தாண்டினால்
வளைவுக்கு வளைவு வண்டி தன்னையே கடிக்கும்."

அகலக்கால் வைக்காதே என்று
தமிழில் முணுமுணுத்தேன்.
அகலமாக வைத்தால்தான் மணல் தாங்கும் என்றாள்.
இரண்டும் சரி.
பதினோரு வருடமாக எங்கள் தொந்தரவே அதுதான்.

இருநூற்று எண்பத்தைந்து, எழுபத்தைந்து, பதினாறு.
பக்கச்சுவரில் இருந்ததை
ரயில் எண் போல மனப்பாடம் செய்தேன்.
பெரிய சக்கரம் சுற்றுக்குச் சுற்று கூடுதலாக உருளும்.
மீட்டருக்கு அந்தச் சேதி போகாது.
அது நூறு என்னும்போது நாங்கள் நூற்றாறில் இருப்போம்.
நூறுக்கு ஆறு கிலோமீட்டர் கணக்கில் வராது.
கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான்,
அன்றிரவு தூங்கவில்லை.

நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு:
தார்ச்சாலை, விடியற்காலை, டயர் தொட்டால் சில்லென்று:
முன்னால் முப்பத்தெட்டு, பின்னால் நாற்பத்திரண்டு.
பின்னால் இரண்டு டீசல் கேன், எழுபது லிட்டர் தண்ணீர்,
அவள் விட்டுவர மறுத்த தோசைக்கல்.
மரீயில் தார் முடிந்தது. சரளை: இருபத்தெட்டு.
ஒரு மணி நேரம் ஓடியபின் நான்கு ஏறியிருந்தால் சரி என்பது கணக்கு.
எங்களுக்கு ஒன்பது ஏறியிருந்தது.
காற்று குறைந்த டயர்தான் அதிகம் கொதிக்கும் என்று
எழுதி அடிக்கோடிட்டேன்.
அன்று காலையிலிருந்து பேசாமல் வந்தது நான்தான்.

மவுண்ட் டேர் தாண்டி மணல்: இருபது.
ஏறினோம், இறங்கினோம், ஏறினோம்.
மூன்றாம் நாள் எண்ணுவதை விட்டேன்.

பேர்ட்ஸ்வில்லுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் முன்னால்
பிக் ரெட்.
முதல் முறை, பதினெட்டு:
உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கையில் நின்றது.
வந்த தடத்திலேயே பின்னால் இறங்கினோம், பிரேக்கைத் தொடாமல்.
இரண்டாம் முறை, அதே பதினெட்டு, கூட வேகம், கூட வீம்பு:
தோசைக்கல் கட்டவிழ்ந்து
என் இருக்கையின் முதுகில் வந்து மோதியது.

அவள் இறங்கினாள்.
எதுவும் சொல்லாமல் குந்தி வால்வு மூடியைத் திருகினாள்.
நான் மறுபக்கம் குந்தினேன்.
அவள் பக்கம் சீறியது, என் பக்கம் சீறியது.
பதினாறு. இன்னும் கொஞ்சம். பதினான்கு.
அகலமாகும் என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை, தடம் நீளமாகிறது;
நேற்று தடத்தைக் கடந்த ஒட்டகம்
கால் வைத்த இடத்தில்
மணல் கலையாமல் கிடந்ததே, அப்படி.

மெதுவாகத்தான் ஏறியது.
டயரின் வயிறு இருபக்கமும் பிதுங்க,
கொடிக்கம்பு வானத்தில் ஆட,
ஏதோ நினைப்பில் நடப்பவன் போல மேலே வந்து நின்றது.
கை தட்டலாமா என்று பார்த்தேன்.
அவள் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேர்ட்ஸ்வில். பேக்கரியின் பின்புறம்.
கம்ப்ரசரின் இரைச்சல், ஒரு டயருக்கு ஆறு நிமிடம்,
ஈக்கள் எங்கள் இருவரையும் ஒன்றாகவே நடத்தின.
மீட்டர் ஆயிரத்து ஐந்நூறு என்றது.
தொண்ணூறு சேர்த்து எழுதினேன்.
இனிச் சரளை, இருபத்தெட்டு வை என்று கத்தினேன்.
இருபத்தாறில் குழாயைப் பிடுங்கினாள்.

அப்படியானால் எண்பதைத் தாண்டாதே என்றேன்.

மீட்டரிலா, நிஜத்திலா என்றாள்.